புளி போட்டுத் தேய்த்த கிளிஞ்சல்

ஜூன் 2, திங்கள்

காலை எட்டுக்கே கண் கூசும் வெயில். கடல் காற்று இன்னும் எழும்பவில்லை.

செய்ய வேண்டியவை:
பிஎச் மீட்டருக்கு பேட்டரி.
பாட்டில்களுக்குப் புது லேபிள் (பழைய மார்க்கர் தண்ணீரில் அழிகிறது. எது எந்த இடத்துத் தண்ணீர் என்று போன மாதம் பட்ட பாடு போதும்).
சாருக்குப் படங்கள்.
மாடியில் துணி. காற்று திரும்புவதற்குள் எடுக்க வேண்டும். கீழே வீட்டுக்காரர் காதர் பாயின் சுண்ணாம்புக் காளவாய். காற்று திரும்பினால் துணி முழுக்க வெள்ளைத் தூள்.

பட்டுக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். கடல் தண்ணியை அளக்குறேன் என்றேன். "எத்தனை குடம் தேறும்?" என்றார். சிரிக்காமல் கேட்டதுதான் அழகு. நானும் சிரிக்காமல், "இன்னும் எண்ணி முடிக்கலங்க" என்றேன்.

மதியம் தஞ்சாவூரிலிருந்து சார் போன். இருபதாம் தேதி கூட்டம் உறுதியாம். எங்கள் ஆராய்ச்சியை இன்னும் இரண்டு வருஷம் நடத்த விடலாமா, இதோடு மூடிவிடலாமா என்று முடிவு செய்கிறவர்கள் வருகிறார்கள். "மல்லிகா, அந்த கிராஃப் ஒண்ணு போதும். எட்டு மாசத்துல மட்டி ஓடு எப்படி எடை குறைஞ்சிருக்கு பாரு. காத்துல இருக்கிற கரியமில வாயுவைக் கடல் குடிக்குது, தண்ணியோட குணம் மாறுது, மட்டியால ஓடு கட்ட முடியல. இதைவிட என்ன வேணும்?" குரலில் கல்யாண வீட்டுச் சந்தோஷம்.

எனக்கும்தான், சொல்ல என்ன வெட்கம். அந்த கிராஃப் என் கை வேலை. முகத்துவாரத்து மட்டி, அதாவது சேற்றில் எடுக்கிற கிளிஞ்சல், மாதம் ஒரு பை. ஒரே நீளமுள்ள ஓடுகளாகப் பொறுக்கி, ஒவ்வொன்றாக எடை போட்டது நான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் ஒரே மட்டம். தையில் சரிய ஆரம்பித்து வைகாசி வரை சரிவு. ஏன் தையில் ஆரம்பித்தது என்பதற்கு இரண்டு பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறேன். நன்றாகவே வந்திருக்கிறது.

சார் வைக்கும் முன் சொன்னது: மட்டி எடுத்துத் தருகிற அக்கா நம் பைகளோடு நிற்பது போல ஒரு படம் வேண்டும். ராசாத்தி அக்காவை நாளை மறுநாள் போய்ப் பார்க்க.

சாயங்காலம் ஊரிலிருந்து அண்ணன். வயலெல்லாம் வெடித்துக் கிடக்கிறதாம். "பன்னெண்டாம் தேதி மேட்டூர் தொறந்துடுவாங்கல்ல, மல்லி?" நான் என்ன பொதுப்பணித்துறையா? கடலை அளப்பவள். இருந்தாலும், தொறந்துடுவாங்கண்ணே என்றேன்.

ஜூன் 4, புதன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

ரா. அக்கா வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். சொன்னால் புதுச்சேலை கட்டி, பவுடர் போட்டு நிற்பார், படம் கெட்டுவிடும் என்று. என் சாமர்த்தியம்.

அக்கா கொல்லையில் குந்தியிருந்தார். முன்னால் ஒரு மண்சட்டி, கையில் தேங்காய் நார். பக்கத்தில் என் வலைப்பை, அதில் என் லேபிள், என் கையெழுத்து. சட்டிக்குள் என் ஓடுகள். தண்ணீர் காபி நிறம்.

"என்னக்கா இது?"

"வாம்மா. உன் கிளிஞ்சலைத்தான் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்."

"சட்டியில என்ன?"

"புளி. குத்துவிளக்கு தேய்க்கக் கரைச்சேன், அதுலயே இதையும் போட்டேன். பளிச்சுன்னு வரும் பாரு."

எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"தையிலேருந்து. அன்னைக்கு நீதானே சொன்னே? பையை எடுத்துக்கிட்டுப் பஸ்ஸுல ஏறினா கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கிட்டு, இறங்கும்மாங்கிறான்னு. படிச்ச பொண்ணு நாத்தத்தைச் சுமந்துக்கிட்டு ஆபீசுக்குப் போவுதேன்னு எனக்கு மனசு கேக்கல. மொதல்ல புளி போட்டுச் சும்மா தேய்ச்சுக் கொடுத்தேன். நீ 'எவ்வளவு சுத்தம்க்கா'ன்னே. அப்புறம் ஒரு பொழுது ஊற வச்சேன். போன மாசம் ரெண்டு நாள். எம்மாம் வெள்ளை, பாத்தேல்ல?"

பார்த்தேன். பாராட்டினேன். சாரிடம், நம் அக்கா எவ்வளவு பொறுப்பு பாருங்கள் என்று பெருமை அடித்தேன்.

சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். ஓடுகளின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ். ஓடு என்பது சுண்ணாம்பு, புளி என்பது அமிலம். ஒன்பதாம் வகுப்புப் பாடம். என்னிடம் முதுகலைப் பட்டம் இருக்கிறது.

அக்கா டீ போடப் போனார். குடித்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. படமும் எடுத்தேன். சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

ஜூன் 5, வியாழன்

நேற்றே கடையில் புளி வாங்கி, மார்கழிப் பையிலிருந்து இரண்டு ஓடுகளை ஊறப் போட்டிருந்தேன். மார்கழிப் பை வரை நானே எடுத்து, என் அறைக் குழாயடியில் வெறும் தண்ணீரில் கழுவியது. இன்று காலை காயவைத்து எடை போட்டேன். குறைந்திருக்கிறது. விளிம்பை நகத்தால் சுரண்டினால் மாவாக வருகிறது. மே மாதத்து ஓடும் அப்படித்தான் வந்தது. அதைத்தான் "கடல் அமிலமாவதன் தெளிவான தடயம்" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஆக, என் சரிவு கடலில் இல்லை. ரா. அக்காவின் சட்டியில்.

கோபம் யார் மேல்? பட்டியல்:
அக்கா மேல் இல்லை.
கண்டக்டர் மேல் கொஞ்சம்.
என் மேல். ஒரு தடவைகூட "எப்படிக்கா கழுவுறீங்க?" என்று கேட்காத என் மேல்.
அந்த இரண்டு பக்க விளக்கத்தின் மேல். கிழித்தாயிற்று.

இதையும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். காலை முழுக்க ஒரு எண்ணம் மண்டைக்குள் ஓடியது. யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே அதனால் என்ன ஆனது என்று தெரியாது. சாருக்குத் தெரியாது. கூட்டத்தில் கிராஃப் பேசும். இரண்டு வருஷம் கிடைக்கும். கிடைத்தபின் ஒழுங்காக எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். இப்படியெல்லாம் யோசிக்க எனக்கு வரும் என்று இதுவரை தெரியாது. அசிங்கமாக இருந்தது.

மோட்டார் போட இறங்கியபோது காளவாய்ப் பக்கம் காதர் பாய். கிளிஞ்சல் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக அவர் தலைக்கு மேல் குடியிருக்கிறேன். வாடகை, தண்ணீர் மோட்டார் தவிர எதையும் பேசியதில்லை. இன்று கேட்டேன்.

"பாய், ஓடு இப்பெல்லாம் மெலிசா வருதா?"

"மெலிசா? யாரும்மா சொன்னது? முன்னைக்கு இப்ப கெட்டி. வேகவே கூட நேரம் புடிக்குது. வரத்துதான் கம்மி. வர்றது பூரா கெழட்டு ஓடு, உள்ளங்கை அகலம். பொடிசையே காணோம்."

"பொடிசு எவ்வளவு நாளா வரல?"

யோசித்தார். "ரெண்டு வருசம் இருக்கும். பொடிசு வந்தா விறகு மிச்சம், சட்டுன்னு வெந்துடும். அதான் ஞாபகம் இருக்கு."

மாடி ஏறும்போது கால் பாதிப் படியில் நின்றுவிட்டது. நான் அளந்தது எல்லாம் பிழைத்து வளர்ந்த மட்டிகளை. தண்ணீரின் குணம் மாறினால் முதலில் அடிபடுவது குஞ்சுகள். மிதக்கிற பருவத்தில் முதல் ஓட்டைக் கட்டும்போதே திணறும், கட்டியது கரையும். பாடத்தில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். ஆனால் குஞ்சைத் தேடி ஒரு நாள்கூடச் சேற்றைச் சலித்ததில்லை.

சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. நேரில்.

துணி வெள்ளையாகிவிட்டது. மறுபடி துவைக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

தஞ்சாவூர். பஸ்ஸில் மூன்று மணி நேரம், பேச வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அறைக்குள் நுழைந்ததும் மறந்துவிட்டது. புளியில் ஊறிய ஓட்டை மேஜையில் வைத்தேன்.

"சார், இது கடல் இல்ல. புளி."

முழுதும் சொன்னேன். சார் ரொம்ப நேரம் அந்த ஓட்டை உருட்டிக்கொண்டே இருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

ஜன்னல் பக்கம் பார்த்தார். "அடிக்குறிப்பா போட்டுடலாமே. 'சில மாதிரிகள் சுத்தம் செய்யப்பட்ட முறையில் வேறுபாடு உண்டு' அப்படின்னு. பொய் இல்லையே."

நான் இரண்டு நாள் முன்னால் யோசித்ததைவிட அது மரியாதையான யோசனைதான். ஆனாலும் அதே ஜாதி.

"அடிக்குறிப்பில போட்டா கிராஃப் மேல நிக்கும் சார். கிராஃபே இல்ல. எடுத்துடணும்."

"எடுத்துட்டு எதைக் காட்டுவே? வெறும் சுவரையா?"

காதர் பாய் சொன்னதைச் சொன்னேன். குஞ்சு இல்லை என்று சந்தேகம். சேற்றைச் சலித்துப் பார்க்க வேண்டும். ஆற்றில் புது நீர் வந்து உப்புத் தண்ணீரோடு கலப்பதற்குள். கலந்துவிட்டால் எது ஆற்றின் வேலை, எது கடலின் வேலை என்று பிரிக்க முடியாது.

"எத்தனை நாள் இருக்கு?"

"மேட்டூர் பன்னெண்டு. கடைமடைக்கு வந்து சேர பத்து நாளாவது ஆகும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமா வருத்தமா, புரியவில்லை. "சரி. போய்ச் சலி. ஒண்ணும் தேறலேன்னா இருபதாம் தேதி நீயே எழுந்து நின்னு புளிக்கதையைச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

சொல்கிறேன் என்றேன். திரும்பும் பஸ்ஸில் நல்ல தூக்கம். நாலு நாளில் முதல் தூக்கம்.

ஜூன் 9, திங்கள்

அனல். ப.கோட்டை போய் வாங்கியவை: மணல் சலிக்கிற சல்லடை இரண்டு, ஒன்று பெருங்கண், ஒன்று பொடிக்கண். கொசுவலைத் துணி. வெல்டிங் பட்டறையில் முழ அளவுக்கு ஒரு சதுர இரும்புச் சட்டம். எதுக்கும்மா என்றார் பட்டறைக்காரர். சேத்துல வைக்க என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

சட்டத்தை வைத்த இடத்தில் ஒரு சாண் ஆழம் சேற்றை எடுத்துச் சலித்தால், அங்கே இருக்கிற சிறிசு பெரிசு எல்லாம் கணக்கில் வரும். சுலபம். எட்டு மாதம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

அண்ணன் போன். நாற்றங்காலுக்கு இடம் ஒதுக்கிவிட்டாராம். "இந்தத் தடவை சீக்கிரம் வந்துடும்னு பேசிக்கிறாங்க." நல்லதுண்ணே என்றேன். அப்பா கூலிக்கு இறங்கி நடவு நட்ட அதே வயல், இப்போது அண்ணன் பேரில். அந்த வயலுக்குத் தண்ணீர் தாமதமாக வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். நன்றாக இருக்கிறது நியாயம்.

ஜூன் 10, செவ்வாய்

ரா. அக்காவிடம் சொன்னேன். தள்ளிப்போட்டுப் பயனில்லை.

அழுவார் என்று நினைத்தேன். அக்காவா? எழுந்து நின்று, சேலையை இழுத்துச் செருகினார்.

"அப்ப அஞ்சு மாசமா நான் கொடுத்ததெல்லாம் வீணா?"

"ஆமாக்கா."

"கழுவாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நீ படிச்சவதானே? எனக்கென்ன கனவா வரும்? அழுக்கா இருந்தா கழுவத்தான் செய்வேன்."

"தப்பு என்னுதுதான்க்கா."

"ஒன்னுதுதான்." கொஞ்சம் பொறுத்து, "எனக்கும் பாதி வச்சுக்க" என்றார்.

அப்புறம் உட்கார்ந்து, புளி என்ன செய்யும் என்று காட்டச் சொன்னார். ஒரு சின்ன ஓட்டைக் கெட்டிப் புளிக்கரைசலில் போட்டேன். குமிழைப் பார்த்தார். எடுத்து நகத்தால் சுரண்டினார். மாவை விரலில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடலும் இந்த மாதிரி புளிச்சுப்போச்சுன்னா சொல்றே? தெனம் வாயில படுற தண்ணிம்மா. உப்புதான் கரிக்குது."

"இந்த அளவுக்கு இல்லக்கா. கடல் புளிக்கவே இல்ல. புளிப்புப் பக்கம் கொஞ்சூண்டு நகர்ந்திருக்கு. வண்டிப்புகை, ஆலைப்புகை எல்லாத்தையும் கடல்தான் பாதிக்குப் பாதி வாங்கிக்கிற மாதிரி. நம்ம நாக்குக்குத் தெரியாது. குஞ்சு மட்டிக்கு ஓடு கட்டும்போது தெரியும்." (பாதிக்குப் பாதி தப்பு, அவ்வளவு இல்லை. நாளைக்குத் திருத்திச் சொல்ல வேண்டும். வாய் ஓடிவிடுகிறது.)

குஞ்சு என்றதும் அக்கா முகம் மாறியது.

"முந்தியெல்லாம் சேத்துல காலை வச்சாப் பொடிசு விரல் இடுக்குல மாட்டும். உதறிக்கிட்டே நடக்கணும், எரிச்சலா வரும். ரெண்டு வருசமா அந்தத் தொல்லை இல்ல. பெருசு மட்டும் ஆப்புடுது, பையும் சீக்கிரம் நெறயுதுன்னு நாங்க சந்தோசப்பட்டோம்மா."

அக்கா சட்டியைக் கவிழ்த்துப் புளித்தண்ணீரை வாழைக்கு ஊற்றினார்.

நாளை பௌர்ணமி. தண்ணீர் நன்றாக வடியும். விடிய அஞ்சு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 11, புதன்

விடியற்காலை. காற்றில்லை. முழங்கால் சேறு. அக்கா நடக்கிறார், நான் விழுகிறேன்.

முதல் இடம், முகத்துவாரத்துத் தென்கரை. ஆறு தடவை சட்டம் வைத்து ஆறு தடவை சலித்தோம். பெரிய மட்டி கிடைத்தது. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

பொடிக்கண் சல்லடையில் மிஞ்சியதைக் கொசுவலையில் மறுபடி சலித்தேன், என் கண்ணை நம்பாமல். நத்தை, நண்டுக்கால், பிளாஸ்டிக். குஞ்சு இல்லை.

பிஎச் மீட்டர் காட்டிய எண் எனக்குப் பிடிக்கவில்லை; எண் இறங்கினால் புளிப்பு ஏறுகிறது என்று அர்த்தம். விடிகாலையில் எப்போதும் இறங்கித்தான் இருக்கும். இரவெல்லாம் பாசியும் பூச்சியும் மூச்சு விடுகிற தண்ணீர். வெயில் ஏறினால் சரியாகும். ஆனால் ஐப்பசியில் நான் எடுத்த விடிகாலை எண்ணைவிட இது கீழே. தண்ணீர் அளவுகளாவது என் கையால் எடுத்தவை. அதில் யாரும் புளி கரைக்கவில்லை.

பதினொரு மணிக்கு முதுகு விட்டுப்போயிற்று. அக்கா மடியிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்தார். பழத்தில் சேறு. அப்படியே தின்றோம்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாயிற்று. டீக்கடை டிவியில் மதகு வழியாக நுரை. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். நானும் நின்றேன். மனசு குளிர்ந்தது, கூடவே நாட்களை எண்ணியது.

இரண்டாவது இடம். இல்லை.

ஜூன் 14, சனி

மூன்றாவது, நாலாவது இடங்கள். நாலாவதில் ஒரு குஞ்சு. ஒன்றே ஒன்று, அதுவும் செத்த ஓடு. கீல் பக்கம் சுண்ணாம்பு பூத்து, விளிம்பு அரித்து. பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டினேன்.

எனக்கு நானே: துள்ளாதே. ஒரு ஓட்டை வைத்து மறுபடி இரண்டு பக்கம் எழுதாதே. இந்தத் தண்ணீரில் சூடு ஏறியிருக்கிறது. இறால் குட்டைகளின் கழிவு எங்கிருந்தோ வந்து கலக்கிறது. மழை தப்பினால் உப்பு கூடுகிறது. அமிலமும் இருக்கிறது. யார் எவ்வளவு கெடுத்தார்கள் என்று பிரித்துச் சொல்ல வருஷக்கணக்கில் அளக்க வேண்டும். இப்போது சொல்ல முடிந்தது ஒன்றுதான்: குஞ்சு இல்லை.

காதர் பாய் படியில் மடக்கினார். "கடலைக் கெடுக்கிற புகையில நம்ம காளவாய்ப் புகையும் சேத்தியாம்மா? ராசாத்தி சொல்லுச்சு."

"சேத்திதான் பாய். நான் போற பஸ்ஸும் சேத்தி."

"ஓடு வரலேன்னா நான் தானா மூடிடுவேன், கவலைப்படாதே" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "எண்ணிக்கை வந்ததும் எனக்கும் சொல்லு" என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

கல்லணையும் திறந்தாயிற்று. அண்ணன் தினம் இரண்டு தடவை போன் செய்கிறார். தண்ணீர் எந்த ஊர் வரை வந்தது என்று வாட்ஸப்பில் படம் படமாக வருகிறது. யாரோ வாய்க்காலில் பூ போட்டுக் கும்பிடுகிறார்கள். நான் அந்தப் படங்களைப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் என்று தாளில் கோடு போடுகிறேன்.

ஐந்தாவது இடம். இல்லை. ஆறாவது இடம், இல்லை.

அக்காவோடு இப்போது இன்னும் மூன்று பெண்கள் வருகிறார்கள். நான் கூப்பிடவில்லை. "நாங்களும் பாக்கணும்ல, எங்க பொழைப்பு" என்றார் ஒருவர். நாலு பேர் குனிந்து, ஒரு சல்லடையைச் சுற்றி. அவர்கள் இப்படிப் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கால் கட்டைவிரலில் ஓடு கிழித்து மூன்று நாள். மஞ்சள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 20, வெள்ளி

கூட்டம். இஸ்திரி போட்ட சேலை. நகக்கண்ணில் சேறு போகவில்லை.

சார் ஆரம்பித்து வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். முதலில் அந்த கிராஃபைத் திரையில் போட்டேன். "இது தப்பு" என்றேன். அப்புறம் சட்டியோடு சிரிக்கிற ரா. அக்கா படம். புளி என்றதும் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். இரண்டு பேர் ஆனார்கள். காது சுட்டது. தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

முன்வரிசையில் நரைத்த தலை அம்மா ஒருவர், சிரிக்காதவர், கேட்டார். "அப்போ இப்ப உங்ககிட்ட என்னதான் இருக்கு?"

"ஆறு இடத்துல சேத்தைச் சலிச்ச கணக்கு இருக்குங்க. பெரிய மட்டி இருக்கு, குஞ்சு இல்ல. ஏன்னு இன்னும் தெரியாது. தெரியணும்னா இதே இடத்துல இதே மாதிரி மாசாமாசம் சலிக்கணும். மட்டி எடுக்கிறவங்க கூட வர்றாங்க."

"இந்தத் தப்பை நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதே?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

முடிவு: கேட்டது இரண்டு வருஷம், கொடுத்தது ஆறு மாதம். அதற்குள் ஒழுங்கான கணக்கு வந்தால் மேலே பார்க்கலாமாம். சார் வெளியே வந்து, "ஆறு மாசம் போதுமா?" என்றார். போதாது என்றேன். "அப்ப நாளைக்கே போய் ஆரம்பி" என்று தோளில் தட்டினார். பஸ் ஸ்டாண்டு வரை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். இது புதுசு.

பாக்கி ஒரு இடம். அக்கா சொன்ன அலையாத்திக் காட்டு உள்வளைவு. மற்ற இடத்தைவிட நிழல், தண்ணீர் அவ்வளவு சூடாகாது என்கிறார். சனியும் ஞாயிறும் எல்லோருக்கும் வீட்டு வேலை. திங்கள் போகிறோம். தண்ணீர் அதற்குள் வராமல் இருக்க வேண்டும். அல்லது வரட்டும். ஐயோ, வரட்டும். இரண்டும்.

ஜூன் 23, திங்கள்

அஞ்சரை மணி. சேற்றில் இறங்கப் போகிற நேரம் அண்ணன் போன். "மல்லி, வந்துடுச்சு! நம்ம வாய்க்கால்ல வந்துடுச்சு! கேளு!" போனைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்திருக்கிறார். சலசலவென்று இரைச்சல், நடுவில் அண்ணி குரல். கரையில் நின்று அழுதேன். சந்தோஷம்தான், கலப்படமில்லாத சந்தோஷம். ரா. அக்கா என்னம்மா என்றார். எங்க வயலுக்குத் தண்ணி வந்துடுச்சுக்கா என்றேன். "நல்லது. அழுதுட்டு வா, வத்தின தண்ணி ஏறிடும்" என்றார்.

அங்கிருந்து இங்கே வர இன்னும் இரண்டு மூன்று நாள். இன்று உப்புத் தண்ணீர்தான். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு மீட்டரிலும் பார்த்தேன்.

உள்வளைவு. அலையாத்தி வேர்கள் குத்துகின்றன. முதல் சட்டம், இல்லை. இரண்டு, மூன்று, நாலு, இல்லை. அஞ்சாவதில் இடுப்பு நிமிரவில்லை. இல்லை.

ஆறாவது சட்டம் வைக்கப் போனேன். அக்கா நாலடி தள்ளி அசையாமல் நிற்கிறார்.

"என்னக்கா?"

"இரு. விரல் இடுக்குல."

குனிந்து கையை விட்டார். சட்டத்தை அங்கே கொண்டுபோய் வைத்தேன். விதிப்படி அது சரியில்லை, நம் இஷ்டத்துக்கு இடம் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆறாவதை விதிப்படி தனியாக எடுத்தேன் (இல்லை), இதை ஏழாவது என்று "காலில் பட்ட இடம்" என எழுதிக்கொண்டேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஏழாவதில் மூன்று. சுண்டுவிரல் நக அளவு. உயிரோடு. மூன்று பெண்களும் ஓடி வந்து சல்லடையைச் சுற்றி நின்றார்கள். பிரசவ வார்டு வாசல் போல ஆளுக்கொரு கேள்வி.

ஒன்றில் கீல் பக்கம் சுண்ணாம்பு பூத்திருக்கிறது. இரண்டு சுத்தம். அளந்தேன். படம் எடுத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"பாட்டில்ல போடப் போறியா?"

போட வேண்டும் என்றுதான் முறை. அந்த மூன்றைத் தவிர இந்த முகத்துவாரத்தில் வேறு உயிருள்ள குஞ்சை நான் பார்க்கவில்லை. அளந்தது போதும் என்றேன். சார் திட்டினால் திட்டட்டும். அக்கா மூன்றையும் அதே குழியில் விட்டு, சேற்றைக் கையால் மூடி, பக்கத்தில் ஒரு குச்சியை நட்டார். அடுத்த மாதம் இங்கிருந்துதான் ஆரம்பம். மற்ற பெண்களிடம், "இந்தப் பக்கம் ஒருத்தியும் கால் வைக்கக் கூடாது" என்று அதட்டினார். யாரும் மறுக்கவில்லை.

கரையேறியதும், புதிதாக எடுத்த ஜூன் மாதப் பையை நீட்டினார். பெரிய மட்டி ஓடுகள், வேகவைத்துச் சதை எடுத்ததோடு சரி. சேறு காய்ந்து, ஈ மொய்த்து, கிட்டே வந்தாலே குமட்டுகிறது.

"கழுவல. மோந்து பாத்துக்க."

மோந்து பார்த்தேன். சத்தியமாகக் கழுவவில்லை.

பத்து மணி பஸ். ஜன்னலோர சீட்டு. பக்கத்தில் உட்கார வந்தவர் பின்னால் போய்விட்டார். கண்டக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்னம்மா இது நாத்தம், இறங்கும்மா" என்றார்.

"மட்டி ஓடு. தஞ்சாவூர் வரைக்கும் வரும். ரெண்டு டிக்கெட் வேணும்னாலும் போடுங்க" என்று பையை மடியில் வைத்துக்கொண்டேன்.